நீலக்கல் இருந்த பொந்து

கல் ஈரமாக இருந்தது.

ஜெயசீலி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குந்திய நிலையிலேயே சற்று நேரம் அசையாமல் இருந்தாள். மழை பெய்து வாரக்கணக்கில் ஆகிவிட்டது. ஓடையின் அடிமணல் அப்பளமாய்க் காய்ந்து, செருப்பு படும் இடமெல்லாம் மொறுமொறுவென்று நொறுங்கியது. இரண்டு பக்கமும் எழுந்து நின்ற செம்மண் கரைகளில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்புகள். காற்றில்கூட ஈரம் கிடையாது. மேலே தோப்பிலிருந்து இறங்கும் முந்திரிச் சருகின் வாசனையும், வெயிலில் வெந்த மண்ணின் வாசனையும்தான். அப்படியிருக்க, கரையில் முழங்கால் உயரத்தில் இருந்த அந்தப் பொந்திலிருந்து அவள் எடுத்த சிவப்புக் கல் மட்டும் நனைந்திருந்தது. நனைந்திருந்ததோடு வெதுவெதுப்பாகவும் இருந்தது. யாரோ வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்து, அவளுக்காகத் துப்பி வைத்ததுபோல.

துப்பட்டாவில் துடைத்து வெயிலில் தூக்கிப் பார்த்தாள். உள்ளே தீக்கங்கு ஒன்று உட்கார்ந்திருந்தது. ஈரத்தை மறந்துவிட்டாள்.

வில்லியனூரில் அவளை ஜெபமாலைக்கார அக்கா என்றால்தான் தெரியும். ஓடைகளில் கிடைக்கும் நிறக் கற்களைப் பொறுக்கி, வீட்டில் சின்ன மோட்டாரில் உரசி, துளை போட்டு, மாலையாகக் கோத்து மாதா கோயில் திருவிழாவில் கடை போடுவாள். பிளாஸ்டிக் மணி வாங்க வருகிறவர்கள்கூட அவள் கடைக்கு முன்னால் வந்து நின்றுவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் கழுத்துக்கும் கைக்கும் போனாலும் தனக்கென்று ஒன்று அவள் கோத்துக்கொண்டதில்லை. கோத்தால் பெரிய மணிகள் நீலமாக இருக்க வேண்டும், மாதாவின் போர்வையைப் போல. இந்த ஓடை சிவப்பு கொடுக்கும், தேன் நிறம் கொடுக்கும், நல்ல மழைக்குப் பிறகு ஊதாகூடக் கொடுக்கும். நீலம் மட்டும் கொடுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் புறப்படுவார்கள். புருஷன் ஃபிராங்க்ளின் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். அவனுக்கு இருக்கிற ஒரே லீவு அது. இருந்தும் அவளைத் தனியாக அனுப்ப மாட்டான். மண்ணாடிப்பட்டைத் தாண்டி, கரும்புக் கொல்லைகள் முடிந்து முந்திரித் தோப்பு தொடங்கும் இடம்வரை பைக்கில் கொண்டுவருவான். சமமாகப் போகிற தோப்பு அங்கே திடீரென்று பிளந்து, மழைத் தண்ணீர் தலைமுறை தலைமுறையாக அறுத்த செம்மண் பள்ளம் கீழே கிடக்கும். அவன் இறங்க மாட்டான். "கீழ வந்தா எனக்கு குழிக்குள்ள நிக்கிறாப்ல இருக்குதுடி. நீ பொறுக்கு, நான் படுத்திருக்கன்" என்று காதில் பாட்டை மாட்டிக்கொண்டு மரத்தடியில் துண்டை விரிப்பான்.

வழக்கமான இடமெல்லாம் இன்று அவளை ஏமாற்றிவிட்டது. அதனால்தான் வலது பக்கம் பிரிந்த இந்தச் சந்துக்குள் நுழைந்தாள். கையை விரித்தால் இரண்டு உள்ளங்கையும் இரண்டு கரையைத் தொடும் அளவுக்குக் குறுகல். தலைக்கு மேலே வானம் ஒரு நாடா. ஓடை முழுக்கக் கிடக்கும் ஆட்டுப் புழுக்கை இங்கே ஒன்றுகூட இல்லை என்பதை நுழையும்போதே கவனித்தாள். மேய்ச்சல் இல்லாத இடத்துக்கு ஆடு எதற்கு வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பொந்துக்குள் மறுபடி செல்போன் வெளிச்சத்தை அடித்தாள். கல்லை எடுப்பதற்கு முன்பே குச்சியை விட்டுத் தட்டி, பாம்பு இல்லை என்று பார்த்திருந்தாள். வேர் இல்லை, சிலந்திக்கூடு இல்லை, உதிர்ந்த மண் இல்லை. பானையின் உட்புறம்போல வழவழப்பு. அதில், சிவப்புக் கல் இருந்த இடத்துக்குச் சற்று உள்ளே, தேன் நிறத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது.

முதலில் பார்த்தபோது இது இருந்ததா?

உருண்டு வந்திருக்கும். முழங்கைவரை கையை விட்டு எடுத்தாள். அதுவும் ஈரம். அதுவும் வெதுவெதுப்பு. டிபன் டப்பாவில் போட்டுவிட்டுத் திரும்பினால், இன்னும் உள்ளே ஊதா. திராட்சைப் பழத்தை உரித்துவைத்ததுபோல ஒரு ஊதா. முழங்கைக்கு மேலே கை போனது. பொந்துக்குள்ளிருந்து ஒரு வாசனை மெல்ல வந்தது; முதல் மழையின் மண்வாசனைதான், ஆனால் அதற்கடியில் இன்னொன்று இருந்தது. விரதம் இருக்கிறவர்கள் பக்கத்தில் வந்து பேசும்போது அடிக்கும் வாசனை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊதாக்கல்லை வெளியே எடுத்தாள்.

அதற்கும் உள்ளே, வெளிச்சம் போய்ச் சேரும் கடைசி இடத்தில், நீலம்.

அவள் மனசில் இருந்த நீலம் எதுவோ அதுவேதான். கொஞ்சம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. செல்போனைப் பக்கத்து மணலில் வைத்தாள். முள்ளுக்காக மேலே மாட்டியிருந்த ஃபிராங்க்ளினின் பழைய முழுக்கைச் சட்டையைக் கழற்றி எறிந்தாள். கரையோடு ஒட்டி உட்கார்ந்து, வலது தோள் மண்ணை அழுத்த, கன்னம் மண்ணை அழுத்த, எட்டி, எட்டி, விரல்நுனியால் கல்லைத் தொட்டாள். உருட்டினாள். உள்ளங்கைக்குள் கொண்டுவந்து மூடினாள்.

கை வரவில்லை.

கல்லைப் பிடித்த முட்டி பெரிதாகிவிட்டதால் சிக்கியிருக்கும் என்று நினைத்தாள். மனசே வராமல் கல்லை விட்டாள். விரலை நீட்டி, கையை ஒடுக்கி, இழுத்தாள். வரவில்லை. மணிக்கட்டைச் சுற்றி எதுவோ இருந்தது. வேராக இருக்கும். உள்ளே விடும்போது இல்லாத வேர். மெத்தென்ற வேர். அவள் அசையாமல் இருந்தாள். தோப்பில் எங்கோ ஒரு செம்போத்து கூவி அடங்கியது. ஓடை முழுக்க வெயிலின் ரீங்காரம்.

வேர் தன் பிடியைச் சரிசெய்துகொண்டது.

இடது கையால் செல்போனைத் தேடி எடுத்தாள். டவர் ஒரே கோடு காட்டியது. அவன் எடுக்கும்வரை மூச்சுவிடவே பயமாக இருந்தது.

"இன்னாடி, முடிஞ்சுதா?"

"கை மாட்டிகிச்சிங்க. வாங்க."

"இன்னா மாட்டிகிச்சி?"

"கைங்க. பொந்துல. எப்பவும் போற பக்கம் இல்ல. சோத்தாங்கைப் பக்கம் ஒரு சந்து பிரியும் பாருங்க, அதுல இருக்கன். சீக்கிரம் வாங்க."

அவன் வரும்வரை அவள் உள்ளே இருந்த கையை அசைக்கவில்லை. அதுவும் அசையவில்லை. இரண்டு பேர் இருட்டில் ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பதுபோல இருந்தது.

ஃபிராங்க்ளின் மூச்சிரைக்க வந்தான். சந்துக்குள் அவன் தோள்கள் இரண்டு பக்கமும் உரசின. முதலில் சிரித்தான். "ஆச புடிச்சவளே" என்று திட்டினான். அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தான். தோள்மூட்டு கழன்றுவிடும்போல வலித்து அவள் கத்தினாள். அவன் இழுத்த அளவுக்கு உள்ளேயிருந்தும் இழுத்தது. வெடுக்கென்று இல்லை, பொறுமையாக, அளந்து. அவன் விட்டதும் அதுவும் விட்டது. குனிந்து லைட் அடித்து, அவள் கை மண்ணில் சேரும் இடத்தைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தான்.

"ஜெயா. பொந்து எங்கடி?"

"இதான்."

"உன் கையச் சுத்தி பொந்தே இல்ல. மண்ணுதான் இருக்குது."

கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். மேல்கையைச் சுற்றி மண் மாவுக்கட்டு போட்டதுபோல இறுகி, தோலோடு ஒட்டியிருந்தது. ஒரு தாளைக்கூட இடையில் நுழைக்க முடியாது.

கல் தோண்ட அவள் கொண்டுவந்திருந்த களைக்கொத்தை எடுத்து அவன் கொத்தினான். ஓடை முழுக்கக் கைபட்டால் உதிர்கிற மண், அந்த இடத்தில் மட்டும் செங்கல்லாக இருந்தது. கொத்தின் நுனி மடங்கியது. கல்லால் இடித்தான். பொடிகூட உதிரவில்லை. அவன் முதுகு முழுக்க வேர்வை, செம்மண் தூசி அதில் படிந்து குழம்பாக வழிந்தது. சொல்லிவிட்டால் உண்மையாகிவிடும் என்று அதுவரை அடக்கிவைத்திருந்ததை அவள் அப்போதுதான் சொன்னாள்.

"உள்ள யாரோ புடிச்சிகினு இருக்காங்க."

"பாம்பு கீம்பு சுத்திகிச்சா?"

"பாம்புக்கு விரல் இருக்குமாங்க?"

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். 'பைத்தியமா உனக்கு' என்று அதட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அதட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கண்ணில் பயம் வந்தது.

மேற்கே இடி உறுமியது. நாடாவாகத் தெரிந்த வானத்தின் ஒரு ஓரம் கறுத்துக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு அவன் பார்வை கரையில் மேலே போய் நின்றது. அவளும் பார்த்தாள். இரண்டு ஆள் உயரத்தில், மண்வெடிப்புகளில், போன வெள்ளம் விட்டுப்போன கரும்புச் சோகை காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. இங்கே ஒரு சொட்டு விழ வேண்டாம். செஞ்சிப் பக்கம் பெய்தால் போதும், ஓடை நிறைய.

போனில் இருந்த ஒரு கோடும் போய்விட்டிருந்தது.

"மேல ஏறினாத்தான் கெடைக்கும். நம்ம கம்பெனி பாக்யராஜுக்கு சொல்றன், அவன் வூடு இங்கதான, கடப்பாறையோட வருவான். ஃபயர் சர்வீஸுக்கும் அடிக்கறன்."

"போவாதீங்க."

"ஓடிப் போய்ட்டு ஓடியாந்துர்றன்டி."

"என்ன வுட்டுட்டு போவாதீங்க."

தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் வாயில் வைத்துக் குடிக்கக் கொடுத்தான். கழற்றிப் போட்டிருந்த சட்டையை மடித்து அவள் கன்னத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் திணித்தான். அவள் தலையை ஒருமுறை அழுத்தித் தடவினான். அவன் ஓடும் சத்தம் சந்தில் எதிரொலித்து, வளைவில் மழுங்கி, இல்லாமல் போனது.

அவன் போனதற்காகவே காத்திருந்ததுபோல உள்ளே அசைவு தொடங்கியது.

மணிக்கட்டை விடாமலே வேறு விரல்கள் வந்தன. அவள் கட்டைவிரலைத் தொட்டன. ஐந்து விரல் இல்லை, அதற்குமேல். நகம் இருக்க வேண்டிய இடங்களில் நகம் இல்லை. அவள் கட்டைவிரலின் முதல் கணுவை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெல்ல உருட்டி, கொஞ்சம் நிறுத்தி, அடுத்த கணுவுக்கு நகர்ந்தது. அதை உருட்டி, நிறுத்தி, அடுத்த விரலுக்கு. பிறகு அடுத்த விரல். இந்த வேகம் அவளுக்குத் தெரியும். இந்த நிறுத்தம் தெரியும். தினமும் ராத்திரி படுக்கையில் அவள் தன் பழைய பிளாஸ்டிக் ஜெபமாலையை உருட்டும் வேகம் இதுதான். அது அவள் கையைச் செபித்துக்கொண்டிருந்தது.

ஜெயசீலி, மாலையின் ஒவ்வொரு மணியை உருட்டும்போதும் சொல்லும் மங்கள வார்த்தை செபத்தைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினாள். அவள் ஒன்றை முடிக்கும்போது அது ஒரு கணுவை முடித்தது. அவள் வேகமாகச் சொன்னால் அதுவும் வேகமாக. அவள் நிறுத்தினாள். அது நிறுத்தியது. விரலை லேசாக அழுத்தி, தொடர்ந்து சொல்லும்படி கேட்டது.

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

அப்போது உள்ளங்கையில் எதையோ வைத்தது. வழவழப்பாக, சூடாக. அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, அதன்மேல் மூடிவிட்டது. அவள் கையை உதறி அதைத் தள்ளினாள். இன்னொன்றை வைத்தது. தள்ளினாள். இன்னொன்று. சின்னவளாக இருந்தபோது கால்வாய்க் கரையில் அவள் அண்ணன் நண்டு பிடிப்பான். நூலில் கோழிக்குடல் கட்டி வளைக்குள் விட்டு, நண்டு தொட்டதும் கொஞ்சம் வெளியே, இன்னும் கொஞ்சம் வெளியே என்று இழுத்துக்கொண்டே வருவான். சிவப்பு. தேன் நிறம். ஊதா. நீலம்.



வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. இடிச்சத்தம் இப்போது இடைவிடாமல், தூரத்தில் லாரி போவதைப்போல. மண்ணின் ஈர வாசனை கனத்தது. அது மழையிலிருந்து வருகிறதா உள்ளேயிருந்து வருகிறதா என்று தெரியவில்லை. கால்கள் மரத்துவிட்டன. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அவளுக்கு உலகம் என்பது முகத்துக்கு எதிரே இருந்த ஒரு சாண் செம்மண்தான். அதில் ஒரு கட்டெறும்பு ஊர்ந்து வந்தது. அவள் தோள் மண்ணுக்குள் போகும் இடத்துக்கு அருகில் வந்ததும் நின்று, திரும்பி, வந்த வழியே வேகமாகப் போனது.

"ஜெயா."

ஃபிராங்க்ளினின் குரல். மிகவும் பக்கத்தில்.

"எங்க இருக்கீங்க?"

"இந்தாண்ட பக்கம் வந்துட்டன்டி. இங்கயும் ஒரு பொந்து இருக்குது. அதுல கைய வுட்டுட்டன். என் கை கெடைக்குதா பாரு."

குரல் மண்ணுக்குள்ளிருந்து வந்தது. சிக்கிக் கிடந்த அவள் கையை வேறொரு கை பற்றியது. மனிதக் கை. தடித்த கை. ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து உள்ளங்கையில் காய்த்துப்போன தடம் அவளுக்குத் தெரிந்த இடத்திலேயே இருந்தது. இத்தனை நேரம் வராத அழுகை ஒரேயடியாக வந்தது.

"வுட்றாதீங்க."

"வுடமாட்டன். அழாத. இன்னும் கொஞ்சம் உள்ள நீட்டு, நல்லா புடிச்சிக்கிறன்."

நீட்டினாள். களைக்கொத்தை மடக்கிய மண் அவளுக்கு வழிவிட்டது. தோள் உள்ளே போனது. கன்னத்துக்கு வைத்திருந்த சட்டை நழுவி விழுந்தது. மண் அவள் காதுமடலைக் குளிர்ச்சியாகத் தொட்டது.

"இன்னும் கொஞ்சம்மா."

"முடியலங்க."

"முடியும். நான் இருக்கன்ல."

கழுத்தைச் சாய்த்தாள். தாடை மண்ணில் பதிந்தது. மூடிய காதுக்குள் அவன் மூச்சு கேட்டது.

"ஜெயா! யார்கூட பேசற?"

இது வேறு பக்கம். பின்னாலிருந்து. சந்தின் வாயிலிருந்து. ஓடிவந்த இரைப்பு, கால்சட்டை உரசும் சத்தம், மணல் நொறுங்கும் சத்தம். கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தாள். ஃபிராங்க்ளின் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையும் வெளியே இருந்தன. ஒரு கையில் போன், ஒரு கையில் எங்கேயோ உடைத்த முந்திரிக்கட்டை.

"நீங்க... அந்தாண்ட பக்கம்..."

"எந்தாண்ட? அந்தாண்ட தோப்புடி. அடியில முழுக்க மண்ணு. பாக்யராஜ் வந்துகினு இருக்கான். நீ யார்கூட..."

"வுடமாட்டன்" என்றது மண்.

ஃபிராங்க்ளினுக்கும் கேட்டது. தன் குரலைத் தானே கேட்ட அவன் முகத்தில் ரத்தம் இல்லை. வாய் திறந்தபடி நின்றது. அவளுடைய கையைப் பற்றியிருந்த அந்தக் காய்த்துப்போன கை, அன்பாக, ஒருமுறை அழுத்தியது.

அவள் அலறினாள். வார்த்தை இல்லாத அலறல்.

அவன் பார்வை கரையில் ஓடியது. அவளுக்கு ஒரு கை தூரத்தில் இன்னொரு பொந்து இருந்தது. சற்று முன்பு அவன் கொத்தியபோது அங்கே வெறும் மண்தான். இருவரும் பார்த்த மண். இப்போது கறுப்பாக, வட்டமாக, திறந்திருந்தது.

"வாணாங்க! உள்ள கைய வுடாதீங்க!"

அவன் கேட்கவில்லை. கட்டையை எறிந்துவிட்டு முழங்காலில் விழுந்தான். "எவன்டா அது? என் பொண்டாட்டி கைய வுடுறா!" என்று கத்திக்கொண்டே தோள்வரை கையை உள்ளே செலுத்தினான்.

மண் வாயைத் திறந்தது. அவள் கை வெளியே வந்தது. அவ்வளவு லேசாக. அவ்வளவு சுலபமாக. அவள் பின்பக்கமாக மணலில் விழுந்தாள். வலது கை முழுக்கச் சிவந்த சேறு. நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்ததைப்போல விரல்களெல்லாம் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தன. முட்டிக்குள் எதையோ வைத்து மூடியிருந்தது. என்னவென்று பார்க்காமலே வீசி எறிந்தாள்.

"வந்துடுச்சிங்க! கை வந்துடுச்சி! நீங்களும் எடுங்க, ஓடிடலாம்!"

அவன் எடுக்கவில்லை.

"எடுங்க!"

"ஜெயா" என்றான் மெதுவாக. அவளைப் பார்த்து அல்ல. கரையைப் பார்த்து. "அழாதம்மா."

கரைக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் வந்தது. பெண்ணின் அழுகை. விக்கி விக்கி, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி. ஜெயசீலிக்கு அந்த அழுகை தெரியும்.

"வுட்றாதீங்க" என்றது அவள் குரல்.

"வுடமாட்டன்."

"நான் இங்க இருக்கன்!" அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். தையல் விட்டுக் கிழிந்தது. முதுகில் குத்தினாள். இடுப்பைக் கட்டிப் பிடித்து, காலை அவன் பக்கத்துக் கரையில் ஊன்றி, முதுகு எதிர்க்கரையில் இடிக்க, தன் பலம் எல்லாம் சேர்த்து இழுத்தாள். "பின்னாடி பாருங்க! நான்தாங்க! நான் வெளிய வந்துட்டன்!"

அவன் திரும்பிப் பார்த்தான்.

சேறு பூசிய அவள் முகத்தை, கலைந்த தலையை, வெளுத்த கையைப் பார்த்தான். மண் பேசியதைக் கேட்டபோது அவன் முகத்தில் வந்த அதே பயம் இப்போது அவளைப் பார்த்து வந்தது. உடம்பைக் குறுக்கிக்கொண்டு அவளிடமிருந்து விலகி, கரையோடு ஒட்டினான். காலால் அவளை எட்டி உதைத்தான்.

"கிட்ட வராத."

"ஏங்க..."

"அவ உள்ள இருக்கா. என் கையப் புடிச்சிருக்கா. நீ யாரு?"

முதல் சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது. ஓடையின் மேல்பக்கம் எங்கோ, மூங்கில் புதரில் காற்று புகுந்ததைப்போல ஒரு சத்தம் கிளம்பி, நிற்காமல் வந்துகொண்டிருந்தது. கால்விரல்களுக்கு நடுவில் மணல் குளிர்ந்தது. சிவந்த தண்ணீர் நாக்கு ஒன்று சருகுகளைத் தள்ளிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தது.

"அண்ணா! எங்கண்ணா இருக்கீங்க?"

பாக்யராஜ். கத்த வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். குரல் மேலே தோப்பிலிருந்து வந்ததா? எதிர்க்கரையிலிருந்து வந்ததா? இருட்டிக்கொண்டு வந்த வெளிச்சத்தில் எதிர்க்கரையைப் பார்த்தாள். கொஞ்சம் முன்பு அவள் முதுகு இடித்த இடம். அங்கே ஒரு பொந்து. அதற்குப் பக்கத்தில் ஒன்று. மேலே ஒன்று.

"அண்ணா! அண்ணீ! கொரல் குடுங்க!"

குரல் கொடுத்தால் அவன் இறங்கி வருவான். கொடுக்காவிட்டால் யாரும் வரமாட்டார்கள். அவள் இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு, எந்தக் கரையும் படாமல், சந்தின் நட்டநடுவில் ஒடுங்கி நின்றாள். தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது.

ஃபிராங்க்ளின் இப்போது கத்தவில்லை. காய்ச்சல் கண்ட அவளுக்கு ராத்திரியெல்லாம் நெற்றியில் துணி போட்டுக்கொண்டே பேசுவானே, அந்தக் குரலில் மண்ணோடு பேசிக்கொண்டிருந்தான். பயப்படாதே என்றான். கிட்ட வந்துவிட்டேன் என்றான். உள்ளேயிருந்து அவள் குரல் ஏதோ சொன்னது. அவன் மெல்லச் சிரித்தான். காது மண்ணுக்குள் போனது. பாதிக் கன்னம் போனது. வெளியே இருந்த ஒற்றைக் கண் திறந்தபடி அவளைப் பார்த்து, அவளை அடையாளம் தெரியாமல், மூடிக்கொண்டது.

பிறகு அவன் மற்றக் கையைத் தூக்கினான். ஈரக் கரையை ஆசையாகத் தடவி இடம் தேடினான். அவன் விரல் பட்ட இடத்தில் மண் மெல்லத் திறந்தது. அந்தக் கையையும், அவசரமே இல்லாமல், உள்ளே நீட்டினான்.